ஆவுடையம்மாள் இழுத்த கோடு

நாம இங்கே சாயங்காலம் விளக்கேத்துற நேரத்துக்கு அங்கே கோழி கூவும். அப்பேர்ப்பட்ட அமெரிக்கச் சீமையில், கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளம், அதைத் தாண்டிப் போனா இன்னும் மக்காச்சோளம்னு கிடக்கிற ஒரு மாநிலத்தில், ஆஷ்க்ரோவ் கவுண்டின்னு ஒண்ணு இருந்தது. கவுண்டின்னா நம்ம தாலுகான்னு வச்சுக்கோங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. அங்கேதான் அம்பாசமுத்திரத்து ஆவுடையம்மாள், மகன் வேலைக்கு வந்த ஊருக்குப் பின்னாலேயே வந்து, பரீட்சையில் தேறி, கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி, அமெரிக்கப் பிரஜையாகி, பக்கத்துத் தெருவில் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்குள்ளே புருஷன் சங்கரலிங்கமுமாகக் குடியிருந்தாள்.

ஊரில் அவள் டீச்சர். நம்ம பக்கத்தில் டீச்சர் வேலைன்னா பாடம் நடத்துறது பாதி, எலெக்‌ஷன் டியூட்டி பாதி. டியூட்டி ஆர்டர் வந்ததும் மத்த டீச்சர்மாரெல்லாம் இடுப்பு வலி, இருதய வலின்னு டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு அலைவாங்க. இவள் ஒருத்திதான் கட்டுச்சோறும் தண்ணிப் பாட்டிலுமா கல்யாண வீட்டுக்குக் கிளம்புற மாதிரி கிளம்புவாள். அவளுக்கு வாய்ச்சது எப்பவும் மை வைக்கிற சீட்டு. பண்ணையார் வந்தாலும் விரலை நீட்டணும், பண்ணையார் வீட்டுத் தொழுவில் சாணி அள்ளுறவள் வந்தாலும் அதே விரலை நீட்டணும், ரெண்டு பேர் நகத்திலும் ஒரே குச்சியால் ஒரே கோடு. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம், சம்பளத்தில் வராத சந்தோஷம்.

அமெரிக்காவில் மை கிடையாது. ஓட்டுப் போட்டவருக்குச் சட்டையில் ஒட்டிக்கச் சின்னதா ஒரு ஸ்டிக்கர் குடுப்பாங்க, அவ்வளவுதான். கொழுக்கட்டை இல்லாமல் பிள்ளையார் சதுர்த்தி கும்பிட்ட மாதிரி இருந்தது ஆவுடைக்கு. ஆனாலும் டியூட்டி ரத்தத்தில் ஊறினவள் சும்மா இருப்பாளா? முதல் தேர்தலிலேயே பூத்தில் உட்காரப் பேர் குடுத்தாள். ஆள் பஞ்சமான ஊர் அது. இவள் நறுவிசைப் பார்த்துட்டு, கவுண்டியின் ஓட்டுக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுற மூவர் குழுவிலும் ஒரு நாற்காலியைத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதிபர் நினைச்சா கப்பலை ஏவலாம், பட்டாளத்தை அனுப்பலாம், ஆனா ஆஷ்க்ரோவ் கவுண்டியின் ஓட்டுக் கணக்கில் கையெழுத்துப் போடுறது ஆஷ்க்ரோவ்க்காரங்க மூணு பேர் வேலை. மூணில் ரெண்டு விழுந்தா கணக்கு நின்னுடும், விழாட்டா படுத்துடும்.

மத்த ரெண்டு பேரில் ஒருத்தி டார்லீன், கவுண்டி ஆபீசை நிர்வாகம் பண்றவள், கதவு படார்னு சாத்தினாலே நெஞ்சைப் பிடிச்சுக்கிற சுபாவம். இன்னொருத்தர் ஹார்லன், வயசான சோளக்காட்டுக்காரர், பனைமரத்துக்குச் சட்டை போட்ட உசரம், அதிபர் கட்சி ஆள். ஆள்னா சும்மா ஆள் இல்லை. தானியக் கொட்டகைச் சுவர் முழுக்க அதிபர் படம், வளர்க்கிற பொலிகாளைக்கு அதிபர் பேர். ஆவுடை உட்கார்ந்திருந்தது எதிர்க்கட்சிக்கான நாற்காலி. கூட்டத்தில் ரெண்டு பேரும் மல்லுக்கு நிப்பாங்க, கூட்டம் முடிஞ்சா அவர் பூசணிக்காய் குடுப்பார், இவள் எலுமிச்சை ஊறுகாய் குடுப்பாள். அதை அவர் ரொட்டியில் தடவி, கண்ணில் தண்ணி வரத் தின்பார். முகத்துக்கு நேரே ஹார்லன்னு கூப்பிடுவாள், வீட்டில் பேச்சு வந்தா ஹார்லன் அண்ணாச்சி.

அதே அதிபர் மறுபடி நின்ன அந்த வருஷத் தேர்தலில் பூத் கதவு திறந்ததும் முதல் ஆளா ஹார்லன்தான் தொப்பியைக் கழட்டிக்கிட்டு உள்ளே வந்தார். ஓட்டுச் சீட்டை வாங்க வந்தவர் இடது கையை மேஜை மேல் ஊனினதுதான் காரணமா, விடியக்காலம் எந்திரிச்ச தூக்கக் கலக்கமா, இல்லை வருஷக்கணக்கான பழக்கம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுதா, ஆவுடைக்கே விளங்கலை: அவர் ஆள்காட்டி விரலைப் பிடிச்சாள், பக்கத்தில் கிடந்த கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்தாள், நகத்திலிருந்து முதல் கணு வரைக்கும் அழகா ஒரு கோடு இழுத்தாள். இழுத்த பிறகுதான் எந்த தேசத்தில் உட்கார்ந்திருக்கோம்கிறது நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஹார்லன் விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துட்டு, புதுச் சட்டம் போலிருக்குன்னு தலையாட்டிட்டு ஓட்டுப் போடப் போயிட்டார். அதுக்கப்புறம் நாள் முழுக்க அவள் அந்தப் பேனாவைத் தொடவே இல்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிட்டாள்.

மறுநாள் காலையில் ஆஷ்க்ரோவ் கவுண்டியில் ஓட்டுப் போட்ட அத்தனை பேர் விரலிலும் அந்தக் கோடு இருந்தது. பூத்துக்கு வந்து போட்டவங்களுக்கு இருந்தது, முன்கூட்டியே தபாலில் போட்டவங்களுக்கு இருந்தது, குளிருக்குப் பயந்து தெற்கே சொந்தக்காரங்க வீட்டுக்கு ஓடிப்போய் அங்கேருந்து போட்டவங்களுக்கும் இருந்தது. போடாதவங்களுக்கு மருந்துக்கும் இல்லை. சோப்புப் போட்டாங்க, போகலை. பெட்ரோல் தொட்டுத் தேய்ச்சாங்க, போகலை. நகப்பூச்சு அடிச்சா பூச்சுக்கு மேலே ஏறி நின்னு சிரிச்சது. சரி, வந்தது வந்துட்டுதுன்னு ஊர் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிட்டுது. ஆச்சரியப்பட ஒரு ஊருக்கு எவ்வளவு நேரம்தான் இருக்கும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டாமா?

வேலையைப் பார்க்கக் கிளம்பினா, வீட்டுக்கு வீடு வில்லங்கம் வரிசை கட்டி நின்னது. காபிக் கடை வச்சிருந்த தம்பதி, நீ ஒரு கட்சி நான் ஒரு கட்சி, ரெண்டு பேரும் போட்டா ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுதான் போகும், எதுக்கு வீணா வரிசையில் நிக்கணும், ரெண்டு பேருமே போக வேண்டாம்னு சத்தியம் பண்ணிக்கிட்டவங்க. காலைப் பலகாரத்தில் வெண்ணெயை எடுக்க ரெண்டு கையும் ஒரே நேரத்தில் நீண்டுச்சு, ரெண்டு விரலிலும் கோடு. நாட்டைக் காப்பாத்துங்க, ஓட்டுப் போடுங்கன்னு தெருத்தெருவா மைக் பிடிச்ச கவுண்டிப் போலீஸ் அதிகாரி ஷெரீப், தன் விரலில் கோடு இல்லாததால், தோல் அரிப்புன்னு சொல்லிக் கையுறையோட அலைஞ்சார். முடி வெட்டுற ரஸ்டி, கோடு உள்ளவங்களுக்கு அரைக் கட்டணம்னு பலகை எழுதி வச்சான்; கோடு இல்லாத பயல்கள் பேனாவால் இழுத்துக்கிட்டு வந்தா, தலைக்குத் தெளிக்கிற தண்ணியை விரலில் தெளிச்சுப் பார்ப்பான், வேஷம் கலைஞ்சிடும். பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட, வளர்ந்து நல்லா ஓட்டுப் போடட்டும்னு நாம கண்மை வைக்கிற மாதிரி விரலில் மை தீட்டினாங்க சில தாய்மார். கூடவே பிரஜையாகி ஓட்டும் போட்டிருந்த சங்கரலிங்கமும் விரலைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, இது நம்ம ஊர் மையேதாம்லேன்னு மகனிடம் பெருமையடிச்சுக்கிட்டார்.

கிழவி எட்னா சமாச்சாரம் தனி. நூறைத் தொட்டுக்கிட்டிருந்த அந்த அம்மா, சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டு, ஸ்டிக்கரை வாங்கி ஒட்டிக்கிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் பால் குடிச்சு, நிம்மதியாக் கண்ணை மூடிட்டாள். பெட்டியில் படுக்க வச்சிருந்தப்போ, கும்பிட்டிருந்த கையில் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சது. பார்க்க வந்தவங்க ஒருத்தரும் பயப்படலை. போற வழியில் வேலையை முடிச்சிட்டுப் போயிருக்காள்னு மெச்சிக்கிட்டுப் போனாங்க.

இதில் ஹார்லனுக்குத்தான் தாங்கமுடியாத பெருமிதம். எல்லாருக்கும் இன்னைக்கு வந்தது, எனக்கு நேத்தே வந்துட்டுது, ஆவ்டி தன் கையால் போட்டதுன்னு ரஸ்டி கடையிலும் காபிக் கடையிலும் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அந்த ஊர் நாக்குக்கு ஆவுடை வராது, ஆவ்டிதான். ஆக, அது ஆவ்டி கோடுன்னே பேர் வாங்கிட்டுது.

பேர் வாங்கினது எங்கே போய் விடிஞ்சது தெரியுமா? ஓட்டு எண்ணி முடிச்சாங்க. நாடு முழுக்க இழுபறி. நாட்டின் முடிவு அந்த மாநிலத்தில் தொங்கிச்சு, மாநிலத்தின் முடிவு ஆஷ்க்ரோவில் தொங்கிச்சு, ஆஷ்க்ரோவில் அதிபர் ஒரு கைப்பிடி ஓட்டில் தோத்துப்போயிருந்தார். அன்னைக்கே டிவியில் வந்துட்டார். ஆஷ்க்ரோவில் செத்தவங்கெல்லாம் ஓட்டுப் போட்டிருக்காங்க, பெட்டிக்குள்ளே படுத்திருக்கிற கிழவி விரலில் மை இருக்கு, இதெல்லாம் எங்கேருந்தோ வந்தவங்க பண்ற சூனியம், அந்தக் கவுண்டிக் கணக்கைக் குப்பையில் போடணும்னு முழங்கினார். எட்னா ஓட்டுப் போட்டப்போ உசுரோடதான் இருந்தாள்னு ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சது டிவிக்குத் தெரியணும்னு விதியா என்ன?

அடுத்த நாள் ஆவுடை வீட்டு வாசலில் ப்ரென்ட்னு ஒரு வக்கீல் வந்து நின்னான், அதிபர் தரப்பு ஆள். வந்தவனை நிக்கவச்சுப் பேசுற வழக்கம் நமக்கில்லையே. உட்காரவச்சு, காபியும் முறுக்கும் குடுத்தாள். முறுக்கைக் கடிச்சுக்கிட்டே அவன் பதவிசாச் சொன்னான்: கணக்கில் கையெழுத்துப் போடுற கூட்டத்தில் எந்திரிச்சு, ஓட்டர்கள் விரலில் எல்லாம் நான்தான் அடையாளம் போட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அதிகாரியே அடையாளம் போட்டா அந்தத் தேர்தல் செல்லாதுன்னு நாங்க பார்த்துக்குவோம், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. சொல்லாட்டா, நீங்க பிரஜையான கோப்பைத் திரும்பத் திறந்து பார்க்கவேண்டி வரும். தேர்தல் நாளில் தப்புப் பண்ணினவங்க சத்தியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்னு யாராவது கேட்டா, எங்களால் தடுக்க முடியாது. சொல்லிட்டு, முறுக்கு ரொம்ப நல்லாயிருந்ததுன்னு நன்றியும் சொல்லிட்டுப் போனான்.

அவன் கார் திரும்பினதும் ஆவுடை வாசல் கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு அழுதாள். அனுப்பிட்டாங்கன்னா அம்பாசமுத்திரத்தில் போய் நிக்க வீடு இருக்கு, ஆறு இருக்கு, ஆனா சாயங்காலமானா ஆச்சின்னு ஓடிவர்ற ரெண்டு பேரப்பிள்ளைகளும் இங்கேதானே இருக்கு.

சங்கரலிங்கம் பின்னாலேயே வந்து நின்னார். "ஏளா, நமக்கெதுக்கு இந்த வம்பு? அவன் கேக்கதைச் சொல்லிட்டு வந்துரு."

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா?"

"பாதி நெசந்தானளா. அண்ணாச்சி விரல்ல நீதான போட்ட?"

அந்தப் பாதிதான் அவளை அரிச்சது. முழுப் பொய்யா இருந்தா முகத்தில் அடிச்ச மாதிரி மறுத்திருப்பாள். ஓட்டுப் போடக் காசு குடுக்கிறவனை ஊரில் பார்த்திருக்காள், பூத்துக்குள் புகுந்து மிரட்டுறவனைப் பார்த்திருக்காள். ஊரே போட்டு முடிச்ச ஓட்டை ஒருத்தி வாய் வழியாத் திரும்பப் பிடுங்கிக்கிறவனை இப்பதான் பார்க்கிறாள். நான் ஒத்த விரலில் பண்ணின கூறுகெட்ட காரியத்துக்கு ஒரு கவுண்டியே பலியாகணுமான்னு நினைக்க நினைக்க, பயத்துக்கு மேலே ஆத்திரமும் வந்தது.

கூட்டத்தன்னைக்குக் கவுண்டி ஆபீஸ் மண்டபத்தில் எள்ளு போட்டா எள்ளு விழாது. கோடு உள்ள கை, கோடு இல்லாத கை, கையுறை போட்ட ஷெரீப், எல்லாரும் வந்திருந்தாங்க. ப்ரென்ட் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். டார்லீன் மூச்சை இழுத்துக்கிட்டுக் கணக்கை வாசிச்சு முடிச்சாள். இனி கையெழுத்துதான் பாக்கிங்கிற நேரத்தில் மேஜை மேல் இருந்த ஆபீஸ் போன் அடிச்சது. எடுத்துக் கேட்டவள் முகம் சுண்ணாம்பா வெளுத்துட்டுது. அதிபர் பேசுறார், எல்லாருக்கும் கேக்கணும்கிறார்னு சொல்லி, ஸ்பீக்கரை அமுக்கிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாள்.

ஹார்லன் தன்னை அறியாமல் எந்திரிச்சுத் தொப்பியைக் கழட்டிட்டார். அதிபர் அவர் பேரைச் சொல்லியே கூப்பிட்டு, உன்னை மாதிரி ஆள்கள்தான் இந்த நாடுன்னு புகழ்ந்தார். கொட்டகைச் சுவர் சமாச்சாரமும் அவருக்குத் தெரிஞ்சிருந்தது, பொலிகாளை சமாச்சாரம்கூடத் தெரிஞ்சிருந்தது. ஹார்லனுக்குக் கண் கலங்கிட்டுது. பாவம், எத்தனை வருஷ பக்தி. அப்புறம் அதிபர் குரலை மாத்திக்கிட்டு, அந்த அம்மா எங்கே, நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கன்னார்.

ஆவுடை எந்திரிச்சாள். புடவைக்கு மேலே போட்டிருந்த குளிர்க்கோட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாள். ஒரே ஒருத்தர் விரலில் கோடு போட்டேன், தெரியாமப் போட்டேன், எங்க ஊர்ப் பழக்கம் கையில் வந்துட்டுது, அது ஹார்லன் விரல். மத்த யார் விரலையும் நான் தொடலை, அந்தக் கோடெல்லாம் எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியாதுன்னு, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

கேட்டீங்களா, குத்தத்தை ஒத்துக்கிட்டாள்னு அதிபர் சத்தம் போட்டார். ஒரு விரலானா என்ன, எல்லா விரலானா என்ன, தேர்தல் கெட்டுப்போச்சு. ஹார்லன், அந்தக் கணக்கைக் கிழிச்சுப் போடு. ப்ரென்ட் ஆமா ஆமான்னு தலையாட்டினான். டார்லீன் நான் ரெண்டு பக்கமும் இல்லைன்னு முணுமுணுத்தாள். ஆக, எல்லாம் ஹார்லன் தலையில் வந்து இறங்கிட்டுது. மண்டபமே அவரைத்தான் பார்த்தது.

ஹார்லன் தன் விரலைப் பார்த்தார்.  அப்புறம் போனைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, ஆவ்டி கோடு போட்டது என் விரலில் மட்டும்தான். கோடு போட்டா ஓட்டுக் கெட்டுப்போகும்னா, கெட்டது என் ஓட்டு ஒண்ணுதான். அதைக் கழிச்சிடுங்க. மத்தவங்க ஓட்டைக் கழிக்க எனக்கு வழி தெரியலை."

மிச்சத்தையும் சொன்னார்: "அது உங்களுக்குப் போட்ட ஓட்டுங்க ஐயா."

 அதிபருக்கே பேச்சடைச்சுப்போன நேரத்தில், கோபப்பட்டது ஆவுடைதான். அதெல்லாம் முடியாதுன்னாள். என் கையால் ஒருத்தர் ஓட்டுச் செல்லாமப் போச்சுங்கிற பேர் எனக்கு வேண்டாம். தப்பு என்னுது, தண்டனையை எனக்குக் குடுங்க, கோப்பைத் திறக்கணுமா திறந்துக்கோங்க, ஹார்லன் ஓட்டு யாருக்குப் போட்டாரோ அவருக்கே இருக்கும்னு, வகுப்பில் அடங்காத பயல்களை அடக்குற குரலில் சொன்னாள். எதிராளிக்கு விழுந்த ஓட்டுக்காக இந்த அம்மா ஏன் இப்படிச் சண்டை போடுதுன்னு ப்ரென்ட் குழம்பிப்போய்க் காலைக் கீழே இறக்கிட்டான்.

அப்போதான் அதிபருக்கு வாய் திரும்பிச்சு. நீ யாரு, எங்கேருந்து வந்தவள், யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுமா, நான் இந்த நாட்டோட அதிபர்னு இரைஞ்சார்.

ஆவுடைக்கு அந்த நிமிஷத்தில் பயம் எங்கே போச்சோ தெரியலை. சேரன்மகாதேவி பூத்தில் கரைவேட்டியோட உள்ளே புகுந்த எம்எல்ஏவை வெளியே அனுப்பினது ஞாபகம் வந்ததோ என்னவோ, மரியாதை குறையாமல் பதில் சொன்னாள்.

"தெரியும் ஐயா. வெளியே நீங்க அதிபர். இந்த மேஜையில் நீங்க வேட்பாளர். கணக்கு முடிக்கிற இடத்தில் வேட்பாளருக்குப் பேச்சு இல்லை, போனை வச்சிடுங்க."

சொல்லிட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்து, ஆவுடையம்மாள் சங்கரலிங்கம்னு முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஹார்லன் போனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பேனாவை வாங்கினார். உழவுக்காரர் கையெழுத்து, எழுத எழுத நேரமாச்சு. போனில் அதிபர் ஹார்லன், ஹார்லன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார், அவர் நிமிரலை. ரெண்டு கையெழுத்து விழுந்துட்டுது, கணக்கு நின்னுட்டுது. மூணாவது தேவையே இல்லை. ஆனாலும் டார்லீன் பேனாவை இழுத்துக் கோணல்மாணலாத் தன் பேரையும் போட்டுட்டு, இது ஆபீஸ் போன், மத்தவங்களும் கூப்பிடுவாங்கன்னு சொல்லி லைனைத் துண்டிச்சாள். துண்டிச்ச பிறகுதான் என்ன பண்ணினோம்னு உறைச்சு, மறுபடியும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாள். ப்ரென்ட் வெளியே போறப்போ ஆவுடை பக்கத்தில் குனிஞ்சு, கோப்பு திறக்கும், தயாரா இருங்கன்னு பதவிசாவே சொல்லிட்டுப் போனான்.

மண்டபம் காலியாகி அவள் வெளியே வந்தப்போ, ஹார்லன் தன் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தார். அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.  இழவு விழுந்த துட்டி வீட்டில் உட்கார்ற மாதிரி, ஆவுடை பலகையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுத்த சோளக்காட்டிலிருந்து குளிர்காத்து வந்து ரெண்டு பேர் முகத்திலும் அடிச்சது.

"நாலு வருஷம் கழிச்சு அவர் மறுபடி நின்னா, நான் அவருக்குத்தான் போடுவேன், ஆவ்டி," என்றார் ஹார்லன்.

"போடுங்க. உங்க இஷ்டம்."

"அதுவரைக்கும் உங்களை இங்கே விட்டு வைப்பாங்களா?"

 ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் ஏறிக்கிட்டிருந்ததைப் பார்த்துக்கிட்டே கோட்டுப் பொத்தானை ஒண்ணொண்ணா மாட்டினாள்.

"நேரத்தோட வந்துருங்க, ஹார்லன்," என்றாள். "பூத்தைத் திறக்க நான் இருப்பேன்."